மடியில் ஏறிய பூச்சி

பிச்சையம்மாள் போன மாசியில் இறந்தாள். முதலில் சர்க்கரை, பிறகு சிறுநீரகம். சான்றிதழில் வயது ஐம்பத்தெட்டு. அவள் சொல்லிக்கொண்டது ஐம்பத்து நாலு. தங்கை சத்யாவைவிடப் பத்து வயது மூத்தவள் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஐந்தாறு என்றால் பொறுத்துக்கொள்வாள்.

பொறாமைக்காரி. அதை மறைத்துச் சொன்னால் அது வேறு யாரோ ஒருத்தியின் கதை ஆகிவிடும். பக்கத்து வீட்டு மூக்காயியின் முருங்கை தன் முருங்கைக்கு முன்னால் பூத்துவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடும். அதெல்லாம் சில்லறைப் பொறாமை. முழுப் பொறாமையும் ஒரே ஆள்மேல்தான். மணமேல்குடியில் வாக்கப்பட்டிருந்த சத்யாமேல்.

பிச்சையம்மாளுக்கு வீடு பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கணவர் நாகராசு லாரி செட்டில் சுமை ஏற்றுகிறவர். கல்யாணமாகிப் பத்து வருடம் பிள்ளை இல்லை. சத்யாவுக்கு முதலில் பையன், அருண்குமார். இரண்டு வருடம் கழித்து ஒரு பெண். அந்தப் பெண்ணை அக்காவுக்குக் கொடுப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

அவர்கள் வீட்டு வழக்கத்தில் அதைத் தத்துக் கொடுப்பது என்று சொல்வதில்லை. மடியில் போடுவது என்பார்கள். பத்திரம் கிடையாது, பதிவு கிடையாது. வாங்குகிறவள் முந்தானையை விரித்து உட்கார்ந்திருப்பாள். பெற்றவள் பிள்ளையை அந்த மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும். சத்யா முப்பத்தோராம் நாள் அப்படிப் போட்டாள். போனவள் நிலைப்படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

இலக்கியா என்று பெயர் வைத்ததும், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், டிப்ளமா படிக்க வைத்ததும் எல்லாம் பிச்சையம்மாள்தான். ஆனாலும் அந்த ஒரு பார்வையை அவள் விடவில்லை. "போட்டவ எதுக்குத் திரும்பிப் பாக்கணும்?" என்று நாகராசுவிடம் கேட்பாள். நாகராசு லாரி செட்டுக்குக் கிளம்பிவிடுவார். எட்டு வருடத்துக்கு முன் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இலக்கியா அவளை அம்மா என்றும் சத்யாவைச் சின்னம்மா என்றும் கூப்பிட்டாள். கோடை விடுமுறையில் பத்து நாள் மணமேல்குடிக்குப் போவாள். திரும்பி வரும்போது தலையில் சின்னம்மா தேய்த்த எண்ணெய் இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலை சீயக்காய். ஒரு தடவை எண்ணெயோடு பேனும் வந்துவிட்டது. பிச்சையம்மாள் ஈருளியோடு மூன்று நாள் உட்கார்ந்தாள். "அவ வீட்டுப் பேனு இது. எவ்வளவு தைரியமாக் கடிக்கிது பாரு" என்றாள்.

இலக்கியா ஓசூரில் வேலைக்குப் போனபிறகு வீடு வெறிச்சோடியது. அந்தச் சமயத்தில்தான் ஷர்லி வந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள், முப்பது வயது இருக்கும். வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு, பறவைகளின் இறகில் வாழும் பூச்சிகளைப் படிக்க வந்திருந்தாள். ஊரைச் சுற்றியிருந்த முள்காட்டில் தவிட்டுக்குருவிக் கூடுகளைத் தூரத்தில் உட்கார்ந்து கவனிக்க இரண்டு பெண்கள் வேண்டும் என்றாள். பிச்சையம்மாளும் மூக்காயியும் சேர்ந்தார்கள். மூக்காயி சேர்ந்ததால்தான் பிச்சையம்மாள் சேர்ந்தாள்.

முதல் நாள் ஷர்லி ஒரு தவிட்டுக்குருவியைப் பிடித்து, இறக்கையை விரித்து வெயிலுக்கு எதிரே காட்டினாள்.

"பிச்சையம்மா, தண்டு ஓரமாப் பாருங்க. கோடு கோடா."

"ரவை கொட்டுனமாரி இருக்குங்க."

"ரவை நகருது பாருங்க."

பிச்சையம்மாள் குனிந்து பார்த்தாள். நகர்ந்தது. "ரத்தம் குடிக்குமாங்க?"

"குடிக்காது. இறகுல பறவை பூசிக்கிற எண்ணெய், அதுல பிடிக்கிற பூஞ்சை, அழுக்கு, அதைத்தான் தின்னும். பறவைக்கு நஷ்டம் இல்லை. சுத்தம் பண்ணிக் குடுக்கிறதால லாபம்கூட இருக்கலாம்னு சொல்றாங்க. பேரு சிற்றுண்ணி."

"ரத்தமே குடிக்கலையாம், என்னத்துக்கு உண்ணின்னு பேரு? பாவம்."

ஷர்லி சின்னச் சின்னச் சீசாக்களில் சாராயம் ஊற்றி அதில் பூச்சிகளைப் போட்டு, ஒரு பெட்டியில் அடுக்கி, 'இறகுச் சிற்றுண்ணி' என்று எழுதி ஒட்டினாள். ஜீப் ஓட்டுகிற திருப்பதி அதைச் 'சிற்றுண்டி' என்று படித்துவிட்டு, சாப்பாட்டு மூட்டையோடு சேர்த்து மூக்காயியிடம் இறக்கிவிட்டான். மூக்காயி திறந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா திருப்பதி, பாட்டிலுக்குள்ள தண்ணியும் தூசியுமா இருக்கு. இதா ஒங்க திருச்சிப் பலகாரம்?"

அன்றிலிருந்து நான்கு பேருக்கும் அதன் பெயர் பலகாரம்தான். "இந்த இறக்கையில எத்தன பலகாரம்?" என்று மூக்காயி கேட்பாள். ஷர்லியும் வாய்தவறித் தன் கல்லூரியில் அப்படிச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

ஷர்லி சொன்னவற்றில் பிச்சையம்மாள் மனதில் தங்கியது இரண்டு. ஒன்று, உதிரப்போகிற இறகில் பூச்சி இருக்காது. இறகு ஆட்டம் காணும்போதே அவை கிளம்பிப் பக்கத்து இறகுக்குப் போய்விடும். இலக்கியாவுக்கு இந்தத் தகவலை அவள் போனில் சொன்னாள். அப்போது அவளுக்குச் சர்க்கரை முந்நூறு. இலக்கியா ஓசூருக்குப் போய் மூன்றாவது வருடம். இதைவிடத் தன்னை நேராகத் திட்டியிருக்கலாம் என்று இலக்கியாவுக்குப் பட்டது.

இன்னொன்று, பூச்சி யார்மூலம் வருகிறது என்பது. தாய் கூட்டில் குஞ்சுமேல் உட்காரும். குஞ்சுக்கு இறகு முளைத்ததும் பூச்சி இறங்கி அதன்மேல் ஏறிக்கொள்ளும். அந்தக் குஞ்சிடமிருந்து அதன் குஞ்சுக்கு. அப்படியே லட்சக்கணக்கான வருடங்கள். அதனால் பெரும்பாலும் ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனிப் பூச்சி. ஒரு பறவை இனம் இரண்டாகப் பிரிந்தால் அதன் பூச்சியும் பல சமயம் கூடவே பிரியும்.

"தாய்வீட்டுச் சீருமாரி" என்றாள் பிச்சையம்மாள்.

"அதேதான்."

"சரிங்க. குயிலு அடுத்தவ கூட்டுல முட்டை போட்டுட்டுப் போயிருதே. அதுக்கு யாரு சீரு குடுக்கிறது?"

ஷர்லி சிரித்தாள். "அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் இங்க வந்திருக்கேன்."

கறுப்பும் வெள்ளையுமாகக் கொண்டை வைத்த குயில் ஒன்று உண்டு. அது தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடும். இரண்டின் முட்டையும் நீலம்தான். அந்தக் குயில்குஞ்சு மற்றக் குஞ்சுகளைக் கூட்டைவிட்டுத் தள்ளாது. கூடவே வளரும், கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அதற்கு ஊட்டும். அது பறக்கும்போது இறகில் இருப்பது வளர்த்தவளின் பூச்சியா என்பதுதான் ஷர்லியின் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து பிச்சையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மூக்காயி இதைக் கண்டுகொண்டாள்.

"ஒனக்குத் தெரியாததாடி? குயில்குஞ்சு வளர்க்கிற சங்கதியெல்லாம் ஒன்னையக் கேட்டா நீயே சொல்லிருவியே. அந்தப் பொண்ணு எதுக்குத் திருச்சியில இருந்து வந்து கஷ்டப்படுது?"

"நான் வளர்த்தது எந் தங்கச்சி பிள்ளைய. ஒன்னமாரி மருமகளை வெரட்டிட்டு ஆட்டுக்குட்டிக்கிப் பால் குடுக்கல" என்றாள் பிச்சையம்மாள். மூக்காயி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வெற்றிலை தீர்ந்துபோய் அவளே வந்தாள்.

அந்த வருடம் ஐந்து கூடுகளில் குயில்குஞ்சு இருந்தது. குஞ்சு பறக்கிற பருவத்தில் ஷர்லி எடுத்து இறக்கையை விரித்துப் பார்ப்பாள். நான்கு குஞ்சுகளைப் பார்த்தாயிற்று. நான்கும் சுத்தம். ஒரு பூச்சி இல்லை.

"சுத்தமா இருந்தா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டாள் பிச்சையம்மாள்.

"வளர்க்கிற பறவைகிட்ட இருந்து போகலைன்னு அர்த்தம். வேற நாட்டுக் குயில்கள்ல பார்த்திருக்காங்க. வளர்ந்த குயில்மேல அதோட சொந்த இனத்துப் பூச்சிதான் இருக்கு. பெரிசாகித் தன் கூட்டத்தோட சேரும்போது வருதுன்னு நினைக்கிறாங்க."

"அப்ப, வளர்த்தவ குடுத்தது ஒண்ணுமே ஒட்டாது?"

"புழுவா ஊட்டினாளே. அதுதானே ஒடம்பா நிக்குது?"

"சோறு யாரு வேணாலும் போடுவாங்க" என்றாள் பிச்சையம்மாள்.

மிச்சம் இருந்தது ஐந்தாவது கூடு. கருவேலமரத்தில், அவள் காவல் காத்த கூடு.

இதற்கு நடுவில் சத்யா போன் செய்தாள். அருண்குமாருக்கு ஆவணி இருபத்தாறு முகூர்த்தம்.

"அக்கா, நாத்தனார் முடிச்சு இலக்கியாதான் போடணும். நீயே அவகிட்டக் கேட்டுச் சொல்லுக்கா."

"ஏன், ஒங்க வீட்டுக்காரரு வகையில யாரும் இல்லையா?"

"இருக்காங்க. இருந்தாலும் இவ போட்டா நல்லாருக்கும்."

"சரி, கேக்குறேன்."

கேட்கவில்லை. நியாயம் பார்த்தால் இதில் சண்டைக்கே இடமில்லை. பிச்சையம்மாள் மகள் என்றாலும் இலக்கியா அருண்குமாருக்குத் தங்கைதான். சத்யா மகள் என்றாலும் தங்கைதான். எந்த வழியில் போனாலும் அதே உறவு. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? மேடையில் இலக்கியா தாலியின் மூன்றாவது முடிச்சைப் போடும்போது, கீழே உட்கார்ந்திருக்கிற சனம் "பெத்தவ வீட்டுல வந்து நிக்கிறா பாரு" என்றுதான் சொல்லும். சத்யா இரண்டு தடவை திரும்பக் கேட்டாள். "அவளுக்கு லீவு கிடைக்கிறது கஷ்டமா இருக்கு" என்று இரண்டு தடவையும் பிச்சையம்மாள் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் மகளிடம் ஒரு மணி நேரம் பேசினாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆவணி பிறந்து ஒரு வாரம். ஷர்லி காலையில் வலை கட்டி, கருவேலமரத்துக் கூட்டத்தில் மூன்று தவிட்டுக்குருவிகளைப் பிடித்தாள். விதி ஒன்றுதான்: ஒரு பறவைக்கு ஒரு துணிப்பை. ஒரு தடவை போட்ட பையை வெந்நீரில் அலசிக் காயவைக்காமல் அடுத்த பறவைக்கு எடுக்கக் கூடாது. பிச்சையம்மாள் இதை வேதம்போல் காப்பாற்றினாள். மூக்காயி ஒருமுறை பையை மாற்றி எடுத்ததற்குப் பத்து நாள் சொல்லிக் காட்டினாள். அன்று ஒரு பை ஈரத்தரையில் விழுந்து நனைந்திருந்தது. ஷர்லி வலைப்பக்கம் மும்முரமாக இருந்தாள். பிச்சையம்மாள் ஈரப்பையிலிருந்த குருவியை எடுத்து மடியில் போட்டு, முந்தானையால் மூடி வைத்துக்கொண்டாள். பத்து நிமிடம். பிறகு ஷர்லி வாங்கிப் பார்த்துவிட்டுப் பறக்கவிட்டாள். மத்தியானம் ஜீப்பில் திருச்சிக்குக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் காற்றோடு மழை. கூடு ஒருபக்கம் சரிந்து குயில்குஞ்சு கீழே விழுந்தது. பிச்சையம்மாள் ஓடிப்போய் எடுத்தாள். நடுங்கியது. பை ஒன்றும் காய்ந்ததாக இல்லை. அவள் மரத்தடியில் குந்தி, குஞ்சை மடியில் போட்டு மூடிக்கொண்டாள். மழை விட ஒரு மணி நேரம் ஆயிற்று. குஞ்சு சூடாகித் தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்தது. "என்கிட்ட என்ன இருக்கு, ஒங்க ஆத்தா வருவா இரு" என்றாள். கூட்டைச் சரிசெய்து, உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஷர்லிக்குக் குரல் செய்தி போட்டாள்: "மழைங்க. குஞ்சு நல்லா இருக்குங்க."

மடியைச் சொல்லவில்லை. ஒளிக்கவும் இல்லை. விதி பைக்குத்தானே, மடி பை இல்லையே.

ஐந்து நாள் கழித்து ஷர்லி வந்து குஞ்சை எடுத்து இறக்கையை விரித்தாள். லென்ஸை எடுத்தாள். மறுபடி பார்த்தாள்.

"பிச்சையம்மா, இங்க வாங்க."

தண்டு ஓரத்தில் ரவை. ஏழு இருந்தது. ஷர்லி ஈரத் தூரிகையால் மூன்றைத் தொட்டெடுத்துச் சீசாவில் போட்டாள். இரண்டாம் நாள் திருச்சியிலிருந்து போன்.

"மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டேன். தவிட்டுக்குருவியோட பூச்சியேதான். வளர்த்தவ குடுத்ததுதான் பிச்சையம்மா!"

பிச்சையம்மாள் முதலில் மூக்காயி வீட்டு வாசலில் போய் நின்று, அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு இலக்கியாவுக்குப் போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவதே இல்லை.

இலக்கியா ஒரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவள். ஓர் அளவு வழக்கத்துக்கு மாறாக வந்தால், அதற்கு முன்னால் அந்தக் கருவி எதைத் தொட்டது என்று கேட்பது அங்கே பழக்கம். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"மத்த நாலுலயும் இல்ல, இதுல மட்டும் இருக்காம்மா?"

"ஆமாடி. இது நான் பார்த்த கூடுல்ல?"

"அந்தக் குஞ்சு அதுக்கு முன்னாடி வெளிய எங்கயாச்சும் இருந்துச்சா? பை கிய் மாறிப்போச்சா?"

பிச்சையம்மாள் குரலை உயர்த்தினாள்.

"ஒங்க சின்னம்மா சொல்லிக் குடுத்தாளா இப்படிக் கேக்கச் சொல்லி?"

"சின்னம்மாவுக்கு இதப் பத்தி என்னம்மா தெரியும்?"

"ஓகோ. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வக்காலத்து வேறயா?"

போனை வைத்துவிட்டாள். நான்கு நாள் எடுக்கவும் இல்லை. ஓசூரில் இலக்கியாவுக்குத் தான் என்ன தப்பாகக் கேட்டோம் என்று விளங்கவில்லை. ஊரில் பிச்சையம்மாளுக்கு நன்றாக விளங்கியிருந்தது. குஞ்சை மடியில் வைத்த அந்தச் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஷர்லி அடுத்த வாரம் ஒரு கருத்தரங்கில் இதைப் பேசப்போவதாகச் சொன்னாள். "கூட்டைக் கவனிச்சவங்க பிச்சையம்மாள்னு போடுறேன்" என்றாள். பிச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சத்யா பத்திரிகை வைக்க வந்தாள். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, நடுவில் மஞ்சள் தடவிய பத்திரிகை. உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அக்கா, இலக்கியாகிட்டச் சொன்னியா இல்லையா?"

"அதான் லீவு..."

"நேத்து ராத்திரி அவளே எனக்குப் போன் பண்ணுனா. நீ போனை எடுக்க மாட்டேங்குறேன்னு அழுதா. அப்பதான் கல்யாணப் பேச்சு வந்துச்சு. தேதியே தெரியலக்கா அவளுக்கு."

பிச்சையம்மாள் தாம்பாளத்தைப் பார்த்தாள். "அவளே ஒனக்குப் போன் பண்ணாளா?"

"அதுதானா ஒனக்கு முக்கியம்?" சத்யாவுக்குக் குரல் ஏறியது. "இருவத்தாறு வருசமா நான் அவகூடப் பேசணும்னா மொதல்ல ஒனக்குப் பண்ணி, பேசட்டுமாக்கான்னு கேட்டுட்டுத்தான் பேசுறேன். ஒரு தடவ கேக்காமப் பேசிருக்கேனா? நீ எம்மேல எதுக்குப் பொறாமப்படுற? என்ன வச்சிருக்கேன் நான்?"

"அன்னிக்கித் திரும்பிப் பாத்தேல்ல."

"என்னைக்கி?"

"மடியில போட்டன்னிக்கி. நிலப்படியில நின்னு பாத்த."

சத்யா யோசித்தாள். யோசிக்க நேரம் பிடித்தது. அக்கா சுமந்துகொண்டு திரிந்தது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

"அது பால் குடிச்சிட்டு ஏப்பம் விடலக்கா. முதுகுல தட்டுன்னு சொல்லலாம்னு திரும்புனேன். சொன்னா நீ கோவிப்பேன்னு சொல்லாமப் போயிட்டேன்."

பிச்சையம்மாள் தாம்பாளத்துத் தேங்காயை ஒருதரம் திருப்பி வைத்தாள். பிறகு, "பஸ்ஸுல கக்கிருச்சு" என்றாள்.

"கக்குச்சா?"

"அறந்தாங்கி வர்றதுக்குள்ள ரெண்டு தடவ. எம் புதுச்சேலையில."

சத்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிச்சையம்மாள் சிரிக்கவில்லை. காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரே மாதத்தில் இரண்டு மறைப்பு. ஒன்று பிடிபட்டுவிட்டது. இன்னொன்றை வேறு யாரும் பிடிக்க விடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் காலை ஷர்லி வந்து இறங்கும்போது அவள் ஜீப் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தக் குஞ்சு மழையில விழுந்துருச்சுங்க. ஒரு மணி நேரம் எம் மடியில வச்சிருந்தேன். அன்னிக்கிக் காலையில அதே மடியிலதான் தவிட்டுக்குருவியும் இருந்துச்சு."

ஷர்லிக்கு உடனே புரிந்தது. பையைக் கீழே வைத்தாள். திருப்பதி வண்டியை அணைத்துவிட்டு ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"அன்னிக்கித் தப்புன்னு தெரியல. தெரிஞ்சப்ப..." அவள் நிறுத்தினாள். "தெரிஞ்சப்ப நல்லாருந்துச்சு. விட்டுட்டேன்."

ஷர்லி கொஞ்சதூரம் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். கோபம்தான். ஆனால் திட்டத் தெரியாத பெண்.

"இதை எடுத்துடணும் பிச்சையம்மா. அஞ்சுல ஒண்ணுன்னு சொல்ல முடியாது. நாலு கூடு, நாலும் சுத்தம், அவ்வளவுதான் சொல்லலாம்."

"அப்ப அது பொய்யிங்களா? குருவிகிட்ட இருந்து கூட்டுல வந்துருக்கவே முடியாதா?"

"கூட்டுலயும் வந்திருக்கலாம். ஒங்க மடியிலயும் வந்திருக்கலாம். இனி யாராலயும் சொல்ல முடியாது. பொய்னு இல்லை. நிஜம்னும் இல்லை."

"அதுவும் ஒரு மாரி நல்லதுதான்" என்றாள் பிச்சையம்மாள். ஷர்லி முறைத்தாள். பிச்சையம்மாள் வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் மூக்காயி கேட்டாள்: "என்னடி, பலகாரம் ஊசிப்போச்சாக்கும்?"

அன்று மத்தியானம் இலக்கியாவுக்குப் போன் செய்தாள். எடுத்ததும் பேசினாள், இடைவெளி விடவில்லை. "நீ கேட்டது சரிதான். மடியில வச்சிருந்தேன், அதுல ஒட்டிக்கிச்சு. ஷர்லிகிட்டச் சொல்லிட்டேன், அதை எடுத்துருச்சு. ஆவணி இருவத்தாறு அருண்குமாருக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சு நீதான் போடணுமாம், ஒங்க சின்னம்மா ஒரு மாசமாக் கேக்குறா. நாந்தான் சொல்லல. லீவு போடு."

"எத்தனை நாளும்மா?"

"ஒரு நாளு போதும். முகூர்த்தம் முடிஞ்சு சாப்பிட்டுட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கு என்கூட வந்துரணும். அங்க தங்குறதெல்லாம் கிடையாது."

"சரிம்மா."

"தலைக்கு எண்ணெய் நான் வச்சு விடுறேன். அங்க போயி யார்கிட்டயும் தலையைக் குடுக்காத."

கல்யாணம் மணமேல்குடியில் கடற்கரைச் சாலை மண்டபத்தில் நடந்தது. மேளம் கொட்ட, அருண்குமார் இரண்டு முடிச்சுப் போட்டான். இலக்கியா குனிந்து மூன்றாவதைப் போட்டாள். பெண் வீட்டு வகையில் ஓர் அம்மாள், அக்கா தங்கைக்குப் பின்வரிசையில் இருந்தவர், முன்னால் சாய்ந்து கேட்டார்: "முடிச்சுப் போடுற பொண்ணு மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்ததா?"

சத்யா அக்காவைப் பார்த்தாள். வழக்கம்போல அனுமதிக்குக் காத்திருந்தாள்.

"ஆமாங்க, கூடப்பொறந்ததுதான்" என்றாள் பிச்சையம்மாள். "எம் பொண்ணு."

கேட்டவருக்கு இரண்டும் பொருந்தவில்லை. சத்யா பக்கம் திரும்பினார். சத்யா தலையாட்டினாள். அதற்குள் அட்சதை விழுந்தது.

பந்தியில் இலக்கியா நடுவில். ஒருபக்கம் பிச்சையம்மாள், மறுபக்கம் சத்யா. வடை ஆளுக்கு ஒன்றுதான் போட்டார்கள். சத்யா தன் வடையை எடுத்து மெதுவாக இலக்கியாவின் இலையில் வைத்தாள். பிச்சையம்மாள் அதைப் பார்த்தாள். ரசத்தை ஒரு வாய் உறிஞ்சினாள். பிறகு தன் வடையையும் எடுத்து, சத்யாவின் வடைமேல் வைத்தாள்.

"திங்கிடி" என்றாள்.

மூன்றையும் இலக்கியா தின்றாள்.